தண்டோடு சுழலும் விசிறி

காற்றால் குளிரும் கார் என்ஜினில், சுழல்தண்டோடு சேர்ந்து ஓடும் விசிறியைக் கழற்றிவிட்டு, பாட்டரியில் ஓடும் மின்விசிறி ஒன்றை அங்கே வைத்தால் என்ன? ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் பல நாடுகளிலும் கேட்டிருக்கிற கேள்வி இது. சிலர் செய்தும் பார்த்திருக்கிறார்கள். தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடம் பக்கம் பீட்டில் காரைக் காண்பது அரிது. ஆனால் அந்தக் கேள்விக்குரிய உறுப்பு இங்கே அன்றாடம் சுழல்கிறது. கரிசல் கிராமங்களுக்கு ஆட்களையும் தீப்பெட்டிக் கட்டுகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிப் போகும் பழைய ஆட்டோக்களின் பின்னிருக்கைக்குக் கீழே, தகரக் கவருக்குள், மேக்னெட்டின் சக்கரத்தோடு ஒன்றாக வார்த்த ஒரு விசிறி இருக்கிறது. என்ஜின் ஓடினால் அது ஓடும், என்ஜின் நின்றால் அது நிற்கும். அதற்கு சுவிட்சும் ஒயரும் கிடையாது. பழைய காலத்து ஏற்பாடு என்று அதை ஒதுக்கிவிட நினைப்பது எளிது. ஒதுக்கக் கூடாது என்பதே என் கட்சி. அதற்கான காரணங்கள் நாம் நினைப்பதைவிட ஆழமானவை.

முதலில் இந்த விசிறி ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். 1956 முதல் சென்னை திருவொற்றியூரில் உருவான புல்லட் மோட்டார் சைக்கிளும் காற்றால் குளிர்வதுதான். ஆனால் அதில் விசிறி இல்லை. அதன் சிலிண்டர் வெட்டவெளியில், வண்டி போகும் திசையைப் பார்த்தபடி நிற்கிறது. எதிர்க்காற்றே அதைச் சுற்றியுள்ள ஃபின் எனும் தகடுகளுக்கு இடையே புகுந்து சூட்டை வாரிக்கொண்டு போகிறது. ஆட்டோவின் கதை வேறு. 1977-இல் பஜாஜ் நிறுவனம் முன்புறம் இருந்த என்ஜினைப் பின்னுக்குக் கொண்டுபோனது. ஆர்.ஈ. என்ற பெயரே பின்பக்க என்ஜின் என்பதன் சுருக்கம். ஓட்டுநரும் மூன்று பயணிகளும் ஒரு தடுப்பும் மறைத்து நிற்க, அவற்றுக்கும் பின்னால் பெட்டிக்குள் இருக்கிற என்ஜினை எதிர்க்காற்று தீண்டுவதே இல்லை. ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கிவரும் காற்று சுரண்டை, சங்கரன்கோவில் வட்டாரத்துக் காற்றாலைகளையெல்லாம் சுற்றவைக்கும். அந்தக் காற்றுகூட ஆட்டோவின் சிலிண்டரை எட்டாது. பீட்டில் காரிலும் இதே நிலைமைதான், என்ஜின் பின்னால் மூடிக்குள் கிடக்கிறது. ஆகவே இந்த என்ஜின்களுக்கு விசிறி துணைக்கருவி அல்ல. அவற்றுக்குக் கிடைக்கும் காற்று முழுவதும் விசிறி தருவதுதான். இந்த ஒரு வேறுபாட்டை மறந்துவிடுவதால்தான் மின்விசிறிக்கான வாதம் வலுவாகத் தோன்றுகிறது.

எவ்வளவு காற்று வேண்டும்? தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏழு குதிரைத்திறன், அதாவது 5 கிலோவாட் தரும் சிறிய என்ஜின் என்று கொள்வோம். எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். சுழல்தண்டுக்குக் கிடைக்கும் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமமான ஒரு பங்கு சிலிண்டர் சுவரையும் ஹெட்டையும் சூடேற்றும். அதாவது முழு இழுவையில் அந்த ஃபின்கள் வெளியே தள்ள வேண்டிய வெப்பம் ஏறக்குறைய 5 கிலோவாட். குளியலறையில் வெந்நீர் போடும் கீசர்கள் இரண்டரை ஒரே நேரத்தில் எரிவதற்கு இது சமம். ஆனால் இங்கே சூடாவது ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் இரும்பும் அலுமினியமும். சித்திரை வெயிலில் 40 டிகிரியில் உள்ளே போகும் காற்று 90 டிகிரியில் வெளியே வரும் என்று வைத்தால், நொடிக்குச் சுமார் 90 லிட்டர் காற்று தேவைப்படும். கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. வீட்டு மேசை விசிறியே அதைவிட அதிகம் வீசும். சிக்கல் அளவில் இல்லை, அழுத்தத்தில் இருக்கிறது. சில மில்லிமீட்டர் இடைவெளிதான் இரண்டு ஃபின்களுக்கு நடுவே. அந்தச் சந்துகளுக்குள் காற்றைத் திணித்து, சிலிண்டரின் பின்பக்கம் வரை சுற்றிவரச் செய்ய வேண்டும். கார் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் மின்விசிறி அகலமான, மெல்லிய பரப்பின் ஊடே மெதுவாகக் காற்றை நகர்த்தப் பிறந்தது. அதைப் பழைய இரும்புக் கடையில் வாங்கிவந்து ஆட்டோவின் கவரில் பொருத்தினால் சத்தம் வரும், காற்று முகத்தில் அடிக்கும், ஃபின்களின் சந்துக்குள் மட்டும் போகாது. தடை வந்ததும் அந்த வகை விசிறியின் காற்று திரும்பி அது வந்த வழியே ஒழுகிவிடும். பீட்டிலிலும் ஆட்டோவிலும் இருப்பது நடுவில் காற்றை இழுத்து விளிம்பு வழியே வீசியெறியும் வகை. தடையை எதிர்த்துத் தள்ளுவதற்கென்றே அமைந்த வடிவம் அது.

மின்விசிறியின் பக்கம் நிற்பவர்கள் முதலில் சொல்வது, தண்டோடு சுழலும் விசிறி என்ஜினின் பலத்தைத் திருடுகிறது என்பது. திருடுகிறது என்பது உண்மை. எவ்வளவு, எப்போது என்பதைப் பார்க்க வேண்டும். விசிறியின் வேகம் பாதியானால் அது தள்ளும் காற்றும் பாதியாகும். ஆனால் அது கேட்கும் பலம் எட்டில் ஒன்றாகக் குறைந்துவிடும். வேகத்தின் மூன்றாம் படிப்படி பலம் ஏறி இறங்குவது எல்லா விசிறிக்கும் பொதுவான விதி. ஊருக்குள் பாதி வேகத்திலும் அதற்குக் கீழும் உழலும் ஆட்டோவில் இந்தத் திருட்டு சில்லறைக்காசு. முழு வேகத்தில்தான் அது பெரிதாகும், அப்போதுதான் காற்றின் தேவையும் பெரிதாக இருக்கிறது. இன்னொன்று: மின்விசிறிக்கான மின்சாரம் வானத்திலிருந்து வருவதில்லை. அதே என்ஜின்தான் ஆல்டர்னேட்டரைச் சுற்ற வேண்டும். விசிறிக்கு 100 வாட் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மின்விசிறி மோட்டார் அதைத் தர 150 வாட் மின்சாரம் கேட்கும். சாதாரண ஆல்டர்னேட்டர், வாங்குவதில் பாதிக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகத் திருப்பித் தரும். ஆக 100 வாட் வேலைக்கு என்ஜினிலிருந்து 250 வாட்டுக்கும் மேல் போகிறது. தண்டு நேராகச் செய்கிற வேலையை இரண்டு தரகர்கள் வழியாகச் செய்துகொள்வதில் சிக்கனம் இல்லை. அதோடு 12 வோல்ட்டில் 150 வாட் என்றால் பன்னிரண்டு ஆம்பியருக்கு மேல். பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்டோவின் மேக்னெட் முன்விளக்குக்கும் ஹாரனுக்கும் பின்விளக்குக்குமே திணறுகிறது. பீட்டிலில் கணக்கு இன்னும் மோசம். அதன் விசிறி முழு வேகத்தில் கேட்பது வாட்டுகளில் இல்லை, குதிரைத்திறன்களில். மூன்று குதிரைத்திறன் என்றே எடுத்தாலும் 12 வோல்ட்டில் 180 ஆம்பியரைத் தாண்டும். அந்தக் காரின் 12 வோல்ட் டைனமோ தந்தது 30 ஆம்பியர்.

பலத்தைக் கடைசித் துளிவரை எண்ணுகிற இடம் ரேஸ் களம். 1970-லும் 1971-லும் லே மான் பந்தயத்தை வென்ற போர்ஷ 917 காற்றால் குளிர்ந்த கார். அதன் பன்னிரண்டு சிலிண்டர்களின் மேலே படுக்கையாக ஒரு பெரிய விசிறி, என்ஜினின் பல்சக்கரங்களால் நேராக ஓடியது. ஐந்நூறுக்கு மேற்பட்ட குதிரைத்திறனில் சுமார் 17 அந்த விசிறிக்கே போனது. அதை வடிவமைத்தவர்கள் அந்தப் பதினேழைத் திருட்டாக நினைக்கவில்லை, மீதி முழுவதையும் காப்பாற்றும் செலவாகவே நினைத்தார்கள்.

அப்படியானால் இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் மின்விசிறி ஏன்? நியாயமான கேள்வி. நம் நாட்டில் 1983-இல் வந்த மாருதி 800 மின்விசிறியோடுதான் வந்தது. அதற்கு முந்தைய அம்பாசடரில் பெல்ட்டில் ஓடும் விசிறி இருந்தது. மாறியது முன்னேற்றம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது தண்ணீரால் குளிரும் என்ஜின்களின் முன்னேற்றம். ரேடியேட்டர் வண்டியின் மூக்கில், எதிர்க்காற்றில் நிற்கிறது. தென்காசிச் சாலையில் கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே போதும், விசிறிக்கு வேலையில்லை. சிக்னலில் நிற்கும்போதும், குற்றால சீசனில் பேரருவிக்குப் போகும் வழியில் அங்குலம் அங்குலமாக ஊரும்போதும்தான் அது தேவை. ஓடும் நேரத்தில் பெரும்பகுதி சும்மா இருக்கலாம் என்பதால்தான் தரகுச் செலவு போக மிச்சம் கிடைக்கிறது. அதோடு நடுவில் சில லிட்டர் தண்ணீர் இருக்கிறது. விசிறி நின்றுபோனாலும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு சில நிமிட அவகாசம் தரும், மீட்டர் முள் ஏறும், கடைசியில் ஆவி பொங்கி ஓட்டுபவருக்கு உரக்கச் சொல்லும். கவருக்குள் அடைந்து கிடக்கும் காற்று என்ஜினுக்கு இவை எதுவும் இல்லை. எதிர்க்காற்று கிடையாது, தண்ணீர் கிடையாது, பெரும்பாலும் வெப்ப மீட்டரும் கிடையாது. என்ஜின் ஓடும் ஒவ்வொரு நொடியும் விசிறியும் ஓடியாக வேண்டும். எப்போதும் ஓட வேண்டிய ஒன்றை நிறுத்தி நிறுத்தி ஓட்டும் கருவியால் மாற்றினால் மிச்சமாவது எதுவுமில்லை.

பீட்டிலில் ஒரு நுட்பம் உண்டு. அதைக் கவனித்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் அறிவு புரியும். அதன் விசிறி தனியாக நிற்கவில்லை. டைனமோவின் தண்டின் மறுமுனையில் பூட்டப்பட்டிருக்கிறது. சுழல்தண்டிலிருந்து ஒரே ஒரு பெல்ட் டைனமோவைச் சுற்றுகிறது, டைனமோ விசிறியைச் சுற்றுகிறது. டைனமோ மின்சாரம் தரவில்லை என்றால் ஓட்டுபவர் முன் ஒரு சிவப்பு விளக்கு எரியும். பெல்ட் அறுந்தால் டைனமோ நிற்கும், அதே கணம் விசிறியும் நிற்கும், அதே கணம் சிவப்பு விளக்கு எரியும். பாட்டரிக்கென்று வைத்த விளக்கு குளிர்விப்புக்கும் எச்சரிக்கையாகிவிட்டது, கூடுதலாக ஒரு ஒயர்கூட இல்லாமல். ஓடும்போது சிவப்பு எரிந்தால் ஓரங்கட்டி உடனே என்ஜினை அணை என்பது பீட்டில் ஓட்டுபவர்களுக்கு முதல் பாடம். 2003-இல் மெக்சிகோவின் புயப்லா ஆலையில் கடைசி வண்டி வெளிவரும்வரை இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பீட்டில்கள் பாலைவனத்திலும் மலையிலும் ஓடியதற்குப் பின்னால் இந்த எளிய பிணைப்பும் ஒரு காரணம். மின்விசிறி வைத்ததும் இந்தப் பிணைப்பு அறுந்துவிடுகிறது. டைனமோ நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், சிவப்பு விளக்கு அணைந்தே இருக்கும், உள்ளே ஃபியூஸ் போய் விசிறி நின்றிருக்கும். பிஸ்டன் ஜாமாகும்வரை யாருக்கும் தெரியாது. சிட்ரோயன் 2சிவி காரில் பெல்ட்டே இல்லை. விசிறி நேராகச் சுழல்தண்டின் மூக்கில் பூட்டியது. நம் ஆட்டோவும் அந்த வகைதான். அறுந்துபோக அங்கே ஒன்றுமே இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எந்திரத்தின் பக்கம் சாய்ந்த பழமைவாதம் என்று தோன்றலாம். மின்சாரத்தின் மேல் எனக்குக் காய்ச்சல் கிடையாது. மின்சார எந்திரங்களையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். சங்கரன்கோவிலின் விசைத்தறிக் கூடங்களிலும், கிராமத்து மாவு மில்லிலும், கிணற்றுமேட்டு மோட்டார் ரூமிலும் இருக்கிற மோட்டாரின் பின்பக்கம் ஓட்டை ஓட்டையாக ஒரு தகர மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறிய விசிறி, மோட்டாரின் தண்டிலேயே செருகப்பட்டிருக்கும். யோசித்துப் பாருங்கள். அந்த மோட்டாரின் டெர்மினல் பெட்டிவரை மூன்று ஃபேஸ் மின்சாரம் வந்து நிற்கிறது. அதிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து ஒரு தனி மின்விசிறி வைப்பதைவிட எளிது எதுவுமில்லை. உலகம் முழுவதும் மோட்டார் செய்பவர்கள் அப்படிச் செய்யவில்லை. மோட்டார் சுற்றினால் சூடாகும், சுற்றினால் விசிறியும் சுற்றும். சூடு பிறக்கிற இடமும் சூட்டைப் போக்குகிற பலம் பிறக்கிற இடமும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் நீர்மூழ்கி மோட்டார் இதைவிட ஒருபடி மேலே போகிறது. அதில் விசிறியே இல்லை. பம்ப் மேலே, மோட்டார் கீழே. பம்ப் இழுக்கும் தண்ணீர் மோட்டாரின் உடலை உரசிக்கொண்டுதான் மேலே ஏற வேண்டும். அது செய்கிற வேலையே அதைக் குளிர்விக்கிறது. தண்ணீர் வற்றிப்போய் மோட்டார் மட்டும் ஓடினால் காயில் எரிந்துவிடும். அதனால்தான் ஸ்டார்ட்டர் பெட்டியில் தண்ணீர் இல்லாதபோது மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பை வைக்கிறார்கள். காயில் கட்டப் பணம் கொடுத்த எந்தக் கரிசல் விவசாயிக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் முன்வைப்பது மின்சாரமா எந்திரமா என்ற வழக்கு அல்ல. தண்டில் பூட்டிய விசிறிக்கு எதுவும் தெரியாது. என்ஜின் சூடாக இருக்கிறதா, வெளியே வெயிலா மழையா என்பதொன்றும் அதற்குத் தெரிய வேண்டியதில்லை. தெரியாமலே அது தன் கடமையைச் செய்துவிடுகிறது. மின்விசிறிக்கு ஒரு சென்சார் சூட்டை அறிந்து சொல்ல வேண்டும், ஒரு ரிலே அதைக் கேட்டு இணைக்க வேண்டும், ஃபியூஸ் தாங்க வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும், பாட்டரியில் உயிர் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் முடிவு ஒன்றுதான். குற்றாலச் சாரலில் மூன்று மாதம் நனையும் வண்டியில் எர்த் பிடிக்கும் இடம் எப்படிப் பச்சை பூத்துப்போகும் என்பது தென்காசியில் ஒயரிங் வேலை பார்க்கும் யாருக்கும் தெரியும். அறிவை நம்பி நிற்கும் பாதுகாப்பு, அறிவே தேவைப்படாத பாதுகாப்பைவிட உயர்ந்தது என்ற எண்ணம் நம் காலத்தில் ஊறிப்போயிருக்கிறது. உயிர்நாடியான ஓர் உறுப்பு விஷயத்தில் நான் அதை ஏற்க மாட்டேன்.

இருந்தாலும் தண்டு விசிறிக்கு ஒரு மெய்யான பலவீனம் உண்டு, அதை மழுப்பக் கூடாது. அது வேகத்தைப் பின்தொடர்கிறது; சூடோ இழுவையைப் பின்தொடர்கிறது. பெரும்பாலான நேரம் இரண்டும் கைகோத்துப் போகும். சில நேரம் பிரிந்துவிடும். ராஜபாளையத்து நூற்பாலைகளில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பெட்டியோடு மோட்டார்களை இணைத்தபோது இந்தப் பிரிவு வெளிப்படையாகத் தெரிந்தது. மோட்டாரை மெதுவாக ஓட்டி, ஆனால் முழு இழுவையையும் அதனிடம் கேட்டால், தண்டு விசிறி மெதுவாகச் சுற்றும், காயிலோ முழுச் சூட்டில் இருக்கும். அத்தகைய மோட்டார்களுக்கு மட்டும் பின்னால் தனி மின்விசிறி வைக்கிறார்கள். சரியான இடத்தில் சரியான விதிவிலக்கு. ஆட்டோவில் இதற்கு இணையான கணம், செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் பாரத்தோடு ஏறும்போது வருகிறது. கியரைக் குறைக்காமல், ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகி, என்ஜினை மூச்சுவாங்கவிட்டு இழுத்தால் சூடு உச்சத்தில் இருக்கும், விசிறி தூங்கும். ஆனால் இதற்கு மருந்து ஓட்டுபவரின் கையிலேயே இருக்கிறது. ஒரு கியர் குறைத்தால் என்ஜின் வேகம் ஏறும், விசிறியும் கூடவே ஏறும். நூற்பாலை மோட்டாருக்கு இல்லாத கியர்பெட்டி ஆட்டோவுக்கு இருக்கிறது.

இன்னொரு கணம் உண்டு: மேட்டை ஏறி முடித்ததும், டீ குடிக்க என்ஜினைச் சட்டென்று அணைப்பது. விசிறி நின்றுவிடும், சிலிண்டரில் தேங்கிய சூடு போக வழியில்லாமல் ஹெட்டையும் கார்ப்புரேட்டரையும் வாட்டும். பெட்ரோல் ஆவியாகி மறுபடி கிளப்புவது சிரமமாகும். இங்கே மின்விசிறியின் வாதம் முழுக்கச் செல்லும். என்ஜின் நின்றபிறகும் ஓடக்கூடியது அதுதான். தண்டு விசிறியை அப்படியே வைத்துக்கொண்டு, நின்றபிறகு சில நிமிடம் ஊத ஒரு சின்ன மின்விசிறியைக் கூடுதலாக வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. பீட்டில் வைத்திருப்பவர்கள் சிலர் கூடுதலாக ஒரு ஆயில் கூலரை வெளியே வைத்து அதற்கு மின்விசிறி பொருத்துகிறார்கள்; அதுவும் நல்ல வேலை. அது நின்றுபோனாலும் மூல விசிறி ஓடிக்கொண்டிருக்கும். எதிர்க்காற்றை மட்டும் நம்பியிருக்கும் மோட்டார் சைக்கிள் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும்போதும் மின்விசிறி உண்மையான உதவிதான், அங்கே அதற்குமுன் விசிறியே இல்லை. சேர்ப்பதற்கும் மாற்றுவதற்கும் உள்ள தூரத்தை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.

கடைசியாக ஒரு வலுவான மறுப்பு. நான் போட்ட கணக்கெல்லாம் பழைய கார்பன் பிரஷ் மோட்டாருக்கும் பழைய ஆல்டர்னேட்டருக்கும் பொருந்துவது. இன்று பிரஷ் இல்லாத மோட்டார் வந்துவிட்டது, 48 வோல்ட் அமைப்பு வந்துவிட்டது, வீணாவது வெகுவாகக் குறைந்துவிட்டது, தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பார்கள். உண்மை. புதிதாக ஒரு வண்டியை அடியிலிருந்து வடிவமைப்பவருக்கு இந்த வழி திறந்திருக்கிறது. ஆனால் அப்படி வடிவமைப்பவர் இன்று பெரும்பாலும் காற்று என்ஜினை எடுப்பதில்லை. தண்ணீரால் குளிர்வதை எடுக்கிறார், அல்லது என்ஜினையே விட்டுவிட்டு மின்சார ஆட்டோ செய்கிறார். மின்சார ஆட்டோவில் மின்விசிறி வைத்தால் நான் கேள்வி கேட்க மாட்டேன், அங்கே ஓட்டுகிற பலமும் குளிர்விக்கிற பலமும் ஒரே பாட்டரியிலிருந்துதான் வருகின்றன. பாட்டரி செத்தால் வண்டியும் நின்றுவிடும், சூடும் பிறக்காது. தேவைக்கேற்ற காற்று வேண்டும் என்பதற்காக விசிறியைத் தண்டிலிருந்து பிரித்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஜெர்மனியின் டாய்ட்ஸ் நிறுவனம் தன் பெரிய காற்று டீசல் என்ஜின்களில் விசிறிக்கும் தண்டுக்கும் நடுவே எண்ணெயால் பிணையும் ஓர் இணைப்பை வைத்தது. புகையின் சூட்டுக்கு ஏற்ப எண்ணெய் கூடும் குறையும், விசிறியின் வேகமும் கூடும் குறையும். பலம் தண்டிலிருந்தே வருகிறது. அறிவு மட்டும் சேர்ந்திருக்கிறது. பீட்டிலின் காற்றுக் கூட்டிலும் சூட்டுக்கு விரிந்து சுருங்கும் ஒரு துருத்தி, தகட்டுக் கதவுகளைத் திறந்து மூடும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது காற்றை அடைத்து, சூடானதும் விடும். கடுங்குளிர் இல்லாத நம் காலைகளில் அதற்குக்கூட அதிக வேலையில்லை.

இவ்வளவும் சொன்னபிறகு, என் மனத்தை உறுத்தும் விஷயம் வேறு. ஆட்டோ சூடாகிறது, விசிறி போதவில்லை என்று முடிவெடுப்பதற்குமுன் அந்தத் தகரக் கவரை யாராவது கழற்றிப் பார்க்கிறார்களா? கரிசல் மண் மற்ற மண்ணைப் போன்றதல்ல. காய்ந்தால் மாவாகப் பறக்கும், ஈரமோ எண்ணெயோ பட்டால் பசையாக ஒட்டும். கேஸ்கெட் ஓரம் கசியும் ஆயிலில் அந்தத் தூசி படிந்து, என்ஜின் சூட்டில் வெந்து, ஃபின்களுக்கு நடுவே கரிப்பலகை போல இறுகிவிடும். விசிறிப் பக்கத்து ஃபின்களில் பருத்திப் பஞ்சும் வைக்கோல் துரும்பும் அடைத்திருக்கும். கவரைப் பிடிக்கும் நான்கு போல்ட்டில் இரண்டு காணாமல் போயிருக்கும். ஒரு மூலை நசுங்கி, காற்று ஃபின்னுக்குள் போகாமல் அந்த இடைவெளி வழியே வெளியே போய்க்கொண்டிருக்கும். பிளக் மாற்ற இடைஞ்சலாக இருக்கிறதென்று சில வண்டிகளில் கவரையே கழற்றி மூலையில் போட்டிருப்பார்கள். கவர் இல்லாத விசிறி சும்மா காற்றைக் கலக்கும், அவ்வளவுதான். இதோடு இக்னிஷன் டைமிங் தவறியிருந்தால், பெட்ரோல் கலவை மெலிந்திருந்தால், டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் குறைத்துக் கலந்திருந்தால், எந்த விசிறியும் காப்பாற்றாது. இப்படிப்பட்ட வண்டியில் மின்விசிறி வைத்தால் அது அடைத்துப்போன அதே சந்துகளின்மேல்தான் ஊதும்.

ஆகவே ஆட்டோ வைத்திருப்பவர்களுக்கும் அவர்களுக்கு வேலை செய்து கொடுக்கும் மெக்கானிக்குகளுக்கும் என் வேண்டுகோள் இது. கவரைக் கழற்றுங்கள். ஃபின்களை டீசலும் பிரஷும் போட்டுத் தேய்த்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். விசிறியின் இலைகளில் உடைந்தது இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒன்று உடைந்திருந்தாலும் மாற்றுங்கள். நசுங்கிய மூலையைத் தட்டி நிமிர்த்தி, காணாமல் போன போல்ட்டுகளைப் போட்டு, கவரை இடைவெளியில்லாமல் பூட்டுங்கள். மின்விசிறி வாங்கவென்று ஒதுக்கிய பணம் கையில் மிஞ்சியிருந்தால், சிலிண்டர் ஹெட்டில் வெப்பம் காட்டும் ஒரு மீட்டர் வாங்கிப் பொருத்துங்கள்.